பண்டிகை முடிந்து வருகிறேன் என்றவர்களுக்கு

தன் குழந்தைக்காக உதவி கேட்டு ஒரு அப்பா போட்ட பதிவின் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கடந்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. குழந்தைக்கு பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், வேண்டும் என்று அவர் கேட்கிறார். "பண்டிகை நேரத்தில் ஏன் மனதைக் கனக்க வைக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். அதற்கும் லைக் விழுகிறது. கைகூப்பிப் போனவர்கள் அத்தனை பேர். ரத்த வங்கிக்குப் போனவர்கள் மூன்று பேர்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். கூப்பிட்டால் ஓடி வருவேன் என்பது நல்ல மனசுதான். ஆனால் எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி என்று பரிசோதனைகள் முடிய வேண்டும், சிவப்பணு, பிளேட்லெட் என்று பிரித்தெடுக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கும் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதவருக்கும் அவ்வளவு நேரம் கிடையாது. ஏற்கெனவே இருப்பில் இருக்கும் பைதான் அவர்களுக்கு உதவும்.

சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளேட்லெட் அப்படியில்லை. வழக்கமாக அதை 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில்தான் வைப்பார்கள். அதுவும் பெரும்பாலும் 5 நாளுக்குத்தான். கல்லூரியும் அலுவலகமும் மூடினால் ரத்ததான முகாம் இல்லை. வாடிக்கையாகக் கொடுப்பவர்களும் ஊரில் இல்லை. விடுமுறை முடியும்போது அந்தத் தட்டில் என்ன மிஞ்சும்?

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தபோது இதே போலொரு விடுமுறையில் பிளேட்லெட் 8,000க்கு இறங்கிவிட்டது. 1,50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. தூங்கி எழுந்தால் தலையணை உறையில் ஈறிலிருந்து கசிந்த ரத்தம் திட்டுத் திட்டாக இருக்கும். அம்மா பார்ப்பதற்குள் உறையைத் திருப்பிப் போடுவேன். அன்று நாற்பது பேருக்கு மேல் போன் செய்தேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். "பண்டிகை முடிந்து வருகிறேன்" என்றார்கள். இரவில் ஒருவர் வந்தார், தோளில் பயணப் பையோடு. பேருந்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பரிசோதனை முடிந்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தோடு ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தார். வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு பை நிறைந்தது. நான் மேலே ஓடிப் போய்த் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

"எங்களுக்கும் குடும்பம் உண்டு, வருஷத்தில் கிடைப்பதே நாலு நாள்" என்பீர்கள். சரி. அந்த நாலு நாளை யார் கேட்டது? அதற்கு முந்தின வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறேன். சாதாரண ரத்ததானத்தில் ரத்தம் எடுப்பதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். உடம்பு தளர்ந்துவிடும் என்கிறவர்களுக்கு: இழந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்கள், மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர்கள் வருந்த வேண்டாம், உங்களை நான் சொல்லவில்லை. "ரத்தத்தை விற்றுவிடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தப்பு நடந்தால் புகார் கொடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அதைச் சொல்லி அந்தக் குழந்தைக்குக் கையை விரிக்காதீர்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

நேற்று அந்த அப்பா பதிவை நீக்கிவிட்டார். நீக்கும் முன் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "பண்டிகை நாளில் தொந்தரவு செய்ததற்கு எல்லோரும் மன்னிக்கவும்."

அவர் எதற்குங்க மன்னிப்புக் கேட்க வேண்டும்?

குழந்தைக்கு வெள்ளிக்கிழமை மறுபடி தேவைப்படுமாம். நான் வியாழன் காலையே போகிறேன். கூட வர முடிகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.