பிஸ்தாரைன்னா "ஓடு"ன்னு யாருய்யா சொன்னது?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கணும்னு வந்து, நேபாளத்து லுக்லாவுல பிளேன் இறங்கி ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள குழுவுல நாலு பேர் கண்ணுக்கே தெரியாத தூரத்துல. வழிகாட்டி பின்னாடி நின்னு "பிஸ்தாரை, பிஸ்தாரை"ன்னு தொண்டை வறள கத்துறார். நேபாளியில அதுக்கு "மெதுவா"ன்னு அர்த்தம். அதைச் சிரிச்சுக்கிட்டே திருப்பிச் சொல்லிட்டு ஓடுறதுக்குத்தானா காசு கட்டி வழிகாட்டி வெச்சிருக்கீங்க?

எவரெஸ்ட் அடிவார முகாம் நடையில முதல் நாள் மாதிரி ஏமாத்துற நாள் வேற இல்ல. லுக்லா சுமார் 2,860 மீட்டர். ராத்திரி தங்குற பாக்திங் 2,610. ஏறக்குறைய 8 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், நிதானமா நடந்தாலே மூணு நாலு மணி நேரம். உடனே "இவ்ளோதானா எவரெஸ்ட்டு?"ன்னு ஒரு தெனாவட்டு வந்துடுது. இறக்கத்துல ஓடும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்போட எடையைத் தாங்கணும். அந்த வலி அன்னைக்குத் தெரியாது. மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் வரும். மறுநாள் எங்க போறீங்க? நாம்சே, 3,440 மீட்டர். உயரமான தொங்குபாலம் தாண்டினதும் விடாத ஏத்தம். அங்க உக்காந்துக்கிட்டு "என் காலுக்கு என்னமோ ஆச்சு"ன்னு வழிகாட்டியைப் பாத்தா அவர் என்ன பண்ணுவார், பாவம்?

ஷூ விஷயத்துல ரெண்டு வகை ஆளுங்க. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி புதுசு வாங்கி, அட்டைப்பெட்டி வாசனையோட வர்றவங்க ஒரு வகை. அஞ்சாறு வருஷம் அலமாரியில தூங்கின ஷூவைத் தட்டி எடுத்துட்டு வர்றவங்க இன்னொண்ணு. ரெண்டாவதுதான் மோசம். அடிப்பகுதியில இருக்கிற பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் நுரை காத்து ஈரத்துல மெல்ல மெல்லச் சிதைஞ்சு போகும், போடாம வெச்சிருந்தாலும் சரி. பாக்க நல்லாத்தான் இருக்கும், முதல் நாளே சோல் வாயைப் பொளந்துடும். கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அதைப் போட்டு, பை மாட்டி, படிக்கட்டு ஏறி இறங்கிப் பாக்கறதுல என்ன கஷ்டம்? நகத்தை ஒட்ட வெட்டுங்க. இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடி கணுக்கால் பக்கம் கயித்தை இறுக்கிக் கட்டுங்க, குதிகால் பின்னாடியே நிக்கும். தளர விட்டா பாதம் முன்னாடி சறுக்கி, பெருவிரல் நகம் ஷூ முனையில இடிச்சு இடிச்சுக் கறுத்துப் போகும். குதிகால்ல லேசா சூடு தெரிஞ்சதும் நின்னு பிளாஸ்டர் ஒட்டுங்க. "பாக்திங் போய் பாத்துக்கலாம்"னு நடந்தா அங்க பாக்கப்போறது கொப்புளத்தைத்தான்.

இப்ப அந்தப் பை. விமானத்துல ஆளுக்கு மொத்தமே 15 கிலோ, கைப்பையும் சேத்து. அதுக்காக மூணு ஜாக்கெட்டை உடம்புல மாட்டிக்கிட்டு ஏறி, லுக்லாவுல இறங்கினதும் எல்லாத்தையும் கழட்டிச் சுமை தூக்குறவர் பையில திணிக்கிற சாமர்த்தியம் இருக்கே! வழக்கமா ரெண்டு பேர் பையை ஒருத்தர்தான் தூக்குறார், சுமையைத் தாங்குற பட்டையை நெத்தியில மாட்டிக்கிட்டு. நேபாளத்துல 30 கிலோவுக்கு மேல கூடாதுன்னு சுமைதாரர் நலனுக்காகப் பேசுறவங்க சொல்றாங்க. அதுல அவரோட சொந்தப் போர்வை, துணியும் அடக்கம். நீங்க என்னடான்னா ரெண்டு பாட்டில் ஊறுகாய், மூணு ஜீன்ஸ், ஹேர் டிரையர். பருப்புப் பொடி கொண்டு வாங்க, வேணாங்கல. ஜீன்ஸ் எதுக்கு? நனைஞ்சா ரெண்டு நாளானாலும் காயாது.

இவ்வளவையும் அவர் தலையில ஏத்திட்டு, மழைச்சட்டையையும் அதுலயே போட்டுடுவீங்க. அவர் எப்பவோ போய்ச் சேந்திருப்பார், நீங்க பாதி வழியில காட்ங்கிற ஊர்கிட்ட மழையில நடுங்கிக்கிட்டு "யாராவது ஏதாவது பண்ணுங்க"ன்னு நிப்பீங்க. மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, ரெண்டு லிட்டர் தண்ணி, பிளாஸ்டர், பாஸ்போர்ட், பணம். இதெல்லாம் உங்க முதுகுலதான் இருக்கணும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பு மேல இறுக்குங்க, பாரத்துல பெரும்பங்கு இடுப்புக்குப் போயிடும். அந்தப் பட்டையை அழகுக்குன்னு நெனச்சுத் தொங்க விட்டுட்டு "தோள் வலி"ன்னா?

கழுதைக் கூட்டம் கேஸ் சிலிண்டரோட வரும்போது பள்ளத்துப் பக்கம் நின்னு வீடியோ எடுக்காதீங்க. ஒரு இடி போதும். மலைச் சுவர் பக்கம் ஒதுங்குங்க. பௌத்த மந்திரம் செதுக்கின மணிக்கல் உங்க வலப்பக்கம் இருக்கிற மாதிரி நடங்க. கோயில்ல பிரகாரம் சுத்துற அதே கணக்குதான், இதுக்கு ஒரு விளக்கவுரை வேணுமா?

தலைவலி வந்தா ஏன்தான் மறைக்கிறீங்களோ. 1,400 மீட்டர் காத்மாண்டுவுல இருந்து அரை மணி நேரத்துல 2,860க்கு வந்திருக்கீங்க. தண்ணி குறைவா, தூக்கம் போதலையா, உயரத்தாலயான்னு பாத்துச் சொல்லத்தான் வழிகாட்டி இருக்கார். அவர்கிட்ட சொல்லாம அடுத்தவர் டப்பாவுல இருந்து உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை வாங்கி முழுங்கிட்டு, ராத்திரி விரல் எல்லாம் மரமரங்குதுன்னு அலறுறது வேற. அது அந்த மாத்திரையோட குணம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தா ஆபத்துகூட. ஊர்லயே டாக்டரைக் கேட்டிருக்கணும்.

கடைசியா சாப்பாடு. விடுதிச் சமையலறையில ரெண்டே அடுப்பு. பன்னெண்டு பேர் பன்னெண்டு ஐட்டம் சொல்லுவாங்க: ஒருத்தருக்கு பீட்சா, ஒருத்தருக்கு மோமோ, இன்னொருத்தருக்கு "பூண்டு போடாத பூண்டு சூப்". அப்புறம் ஒன்பது மணிக்கு "இன்னும் வரலையா?"ன்னு மேஜையைத் தட்டுவாங்க. போய்ச் சேந்ததுமே எல்லாரும் தால் பாத் சொல்லுங்க. சோறு, பருப்பு, கறி, ஒரே நேரத்துல வரும், கேட்டா மறுபடியும் போடுவாங்க. எட்டு மணிக்குப் படுக்கலாம்.