பனி விரிசல் வழியே கடல் மட்டம்

செயற்கைக்கோள் ரேடாரால் கடல் மட்டத்தை அளப்பது பற்றிய ஒரு கட்டுரையில், ‘பனி மூடிய கடலில் மட்டத்தை அளக்கவே முடியாது’ என்று ஒரு வரி வருகிறது. சிரமம்தான், ஆனால் வழி இருக்கிறது. கடல் பனி ஒரே பாளமாகக் கிடப்பதில்லை. நடுநடுவே விரிசல் விட்டு நீர் தெரியும். அலையில்லாத அந்த நீர் கண்ணாடி மாதிரி, செயற்கைக்கோளிலிருந்து விழும் ரேடார் துடிப்பைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். பனியிலிருந்து வரும் எதிரொலியோ மங்கிப் பரவியிருக்கும். அந்த வடிவத்தைப் பார்த்தே எது நீர், எது பனி என்று பிரிக்கிறார்கள். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர்க் குட்டையும் இதேபோல் பளிச்சிடும், அங்கேதான் தலைவலி!

துருவத் தரவு குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணம், செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை. கடல் மட்டம் அளக்கும் ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்கள் 66 டிகிரி அட்சரேகையோடு திரும்பிவிடும். பனியை அளக்க 2010இல் ஏவிய கிரையோசாட்-2 செயற்கைக்கோளோ 88 டிகிரி வரை போகிறது.

அப்புறம், மிதக்கும் பனி உருகித்தான் கடல் உயர்கிறது என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. உருகினாலும் மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். உயர்த்துவது நிலத்தின் மேலிருந்து உருகி வரும் பனியும், சூடேறி விரியும் கடல்நீரும்.