ஜாக்கியைத் திருப்பிக் கேட்கிறார்!

இன்று காலை ஏழு மணிக்கு, வாயில் பற்பசை நுரையோடு நிற்கும்போது, பழைய பிக்கப் வண்டியை எனக்கு விற்ற மகானிடமிருந்து அழைப்பு. மனசாட்சி உறுத்தியிருக்கும், பாதிப் பணத்தையாவது திருப்பித் தருகிறேன் என்பார் என்று ஒரு கணம் நினைத்தேன் பாருங்கள், அதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். "தம்பி, சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜாக்கி இருக்கும். அது என்னுடைய இன்னொரு வண்டியுடையது, மறந்து வைத்துவிட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும்போது அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்" என்றார்.

ஜாக்கி! மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, அந்த வண்டியில் உருப்படியாகக் கழற்றி விற்கக்கூடிய ஒரே பொருளையும் திருப்பிக் கேட்கிறார். நுரையைத் துப்பிவிட்டு, "சரிங்க அண்ணே" என்றேன். என்னைவிடக் கோழை இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

வாங்கும்போது அவர் சொன்ன வசனம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். "ஒரு வேலையும் இல்லை தம்பி. டீசல் ஊற்றுங்கள், சாவியைத் திருப்புங்கள், ஓட்டிக்கொண்டே இருங்கள்." அடுத்தது, "ஒரே கை ஓட்டிய வண்டி." ஆர்.சி. புத்தகத்தில் நான் நான்காவது கை. முந்தைய மூன்று பேரில் இரண்டு பேர் காலால் ஓட்டினார்கள் போலிருக்கிறது. பானெட்டைத் தூக்கிக் காட்டினார். என்ஜின் கல்யாண மாப்பிள்ளை முகம்போல் மினுமினுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தக்காளியும் முருங்கைக்காயும் சுமந்த பிக்கப்பின் என்ஜின் அப்படி மின்னினால், ஆயில் எங்கெங்கே கசிகிறது என்பதை யாரோ அன்று காலைதான் டீசல் போட்டுத் துடைத்திருக்கிறார் என்று பொருள். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் முன்பணம் கொடுத்தேன். வண்டியின் நிறம் பிடித்திருந்தது. இதற்குமேல் என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் எலுமிச்சம்பழம் என்பார்கள். அதெல்லாம் நான்கு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றியாயிற்று. மீதிப் பாதிப் பேர் ஆயில் மாற்று என்பார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த ஆயில், எப்போது ஊற்றியது என்று எதுவும் தெரியாத வண்டியில், விற்றவர் வாயை நம்பாமல் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் முறை. இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கேட்டேன். "அண்ணே, ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" "இப்போதுதான் தம்பி." பழைய வண்டி விற்பவர்களின் அகராதியில் இப்போதுதான் என்றால் ஒரு சட்டசபைத் தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் எங்கோ என்று அர்த்தம்.

ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. அடியில் படுத்து, ஆயில் தேங்கும் சேம்பரின் ட்ரெயின் நட்டை, அதாவது ஆயிலை வடிக்கிற வாயை மூடும் நட்டை, கழற்றி, பழையதை வடித்து, ஃபில்டரை மாற்றி, நட்டை முடுக்கி, மேலே 15டபிள்யூ-40 ரக ஆயில் ஆறு லிட்டர் ஊற்ற வேண்டும். பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அன்று காலை ஒன்பது மணி. பட்டறைப் பையன் அடியில் போனான். 17 ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன். உட்காரவில்லை. 16 கேட்டான், ஏறவில்லை. மீண்டும் 17 கேட்டான். பிறகு சத்தமே இல்லை. "என்னப்பா?" என்றேன். "அண்ணே, நட்டு உருண்டையாக இருக்கிறது" என்றான். நானும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். ஆறு முனை இருக்க வேண்டிய நட்டு கோலிக்குண்டாக இருந்தது. அதைச் சுற்றி ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை. எம்-சீலுக்கு மேல் கறுப்பு பெயின்ட், ஆயில் கசிவது தெரியக் கூடாதாம். பெயின்ட்டுக்கு அடியில் உளியால் கொத்திய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கீழடிக் குழிகளில்கூட அடுக்குகள் அவ்வளவு தெளிவாக இருக்காது. இது 2017-இல் சுத்தியலால் அடித்தது, இது கொரோனா காலத்து உளி என்று ஆண்டு குறித்துக் காட்சிக்கு வைக்கலாம்.

மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார். "யார் இந்த வேலையைச் செய்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான்தான் இரவோடு இரவாகப் போய்ச் செய்தேன் என்பதுபோல! இந்தக் கேள்வியை எந்தப் பட்டறையில் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்? எலக்ட்ரீஷியன் கேட்பார், பிளம்பர் கேட்பார், பல் டாக்டரும் கேட்பார். முன்னால் கை வைத்தவன் கொலைகாரன், இப்போது கை வைப்பவர் தன்வந்திரி. இன்னும் ஒரு வருடம் கழித்து வேறொருவர் இதே இடத்தில் குனிந்து இதே உச்சைக் கொட்டுவார்.

பிறகு பைப் ரென்ச் வந்தது. வழுக்கியது. பையனின் விரல் முட்டி பெயர்ந்தது. டீ குடித்தோம். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மறுபடியும் டீ. மணி பதினொன்றரை. அண்ணன் ஓர் ஆலோசனை சொன்னார்: "விட்டுவிடுங்கள் தம்பி. கேஜ் கம்பியில் ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்றி ஓட்டிக்கொண்டே இருங்கள்." இதைத்தானே எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரிடமும் சொல்லியிருப்பார்கள்! அவர்களும் ஊற்றி ஊற்றித்தானே ஓட்டினார்கள்! நான் முடியாது என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மெக்கானிக்கிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கான தண்டனை உடனே கிடைத்தது.

உருண்ட நட்டைக் கழற்ற எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி, அதன் தலையில் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தப் புது நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருகுவது. வெல்டிங்குக்குப் பக்கத்து லேத் பட்டறைக்குப் போனால், கரன்ட் இல்லை. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பாம், காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை. இந்த ஊரில் சொன்ன நாளில் நடக்கிற பராமரிப்பு அது ஒன்றுதான். அதுவும் நான் பராமரிக்கப் போன நாளிலா நடக்க வேண்டும்? இரண்டு மணிக்குக் கரன்ட் வந்தது, லேத் பட்டறைக்காரர் சாப்பிடப் போனார். மூன்றேகாலுக்கு ஏப்பத்தோடு வந்தார். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார், எரிகிற பொருள் எதுவும் அருகில் இருக்கக் கூடாது என்று சாக்கையும் டீசல் டப்பாவையும் தள்ளி வைத்தார். அந்த வண்டியின் வாழ்நாளில் யாரோ ஒருவர் முறையாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். கண் கலங்கிவிட்டது. வெல்டிங் வெளிச்சத்தால் கலங்கியது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான்கு மணிக்கு நட்டு கழன்றது. எல்லோரும் விலகி நின்று சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டுகூட வரவில்லை! பையன் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினான். களிம்புபோல் ஒரு கறுப்புக் கட்டி வந்து விழுந்தது. அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், தார் வந்தது. ஆறு லிட்டர் இருக்க வேண்டிய என்ஜினில் நாலு லிட்டர். கூடவே டெஃப்ளான் டேப் துண்டு ஒன்று, அரைஞாண் கயிறுபோல் சுருண்டு வந்தது.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? ஒரு செப்பு வாஷர். ட்ரெயின் நட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் உட்காருவது. நட்டை முடுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், அடுத்த ஆயிலுக்குப் புதிது போட வேண்டும். விலை எட்டு ரூபாய். அந்த எட்டு ரூபாயை மிச்சம் பிடித்த ஒருவன், பழைய வாஷரையே போட்டுக் கசிவு நிற்க இன்னும் கொஞ்சம் முடுக்கினான். அடுத்தவன் அதைவிட முடுக்கினான். மரை தேய்ந்தது. மரை தேய்ந்ததற்கு டேப் சுற்றினார்கள், டேப்புக்கு மேல் எம்-சீல், அதைக் கழற்ற உளி. நட்டுக்கு மட்டும் மரை கழன்றது என்று நினைக்காதீர்கள். இதை மூன்று லட்சம் கொடுத்து வாங்கியவனுக்கும் கழன்றுதான் இருக்கிறது.

லேத் பட்டறைக்காரர் புது மரை வெட்டி, ஒரு சுற்று பெரிய நட்டு போட்டு, கொஞ்சம் ஆயில் ஊற்றி இரும்புத் தூளைக் கழுவி விட்டார். இருட்டிவிட்டது. கதவைத் திறந்து விளக்கைப் போடும்போதுதான் கதவின் உள் விளிம்பில் ஒரு பழைய ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. 2021-இல் ஏதோ ஒரு பட்டறையில் ஒட்டியது. அடுத்த ஆயில் மாற்றம்: 2,41,500 கிலோமீட்டர். மீட்டரில் அன்று இருந்தது 1,68,412. நான்கு ஆண்டுகளில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பின்னோக்கி ஓடியிருக்கிறது என் வண்டி. ரிவர்ஸ் போட்டால் ஒலிக்கும் எச்சரிக்கைப் பாட்டு மட்டும் ஏன் அவ்வளவு கணீரென்று கேட்கிறது என்று இப்போது புரிகிறது.

இது முதல் வேலை. முதல் வேலை மட்டும்!

மறுநாள் ரேடியேட்டர். மூடியைத் திறந்தால் பாதி குடித்து வைத்த கருப்பட்டிக் காபி. என்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் என்ற சொல்லையே அந்த ரேடியேட்டர் கேள்விப்பட்டதில்லை, பன்னிரண்டு ஆண்டுகளும் போர்வெல் உப்புத் தண்ணீர். சரி என்று கழுவி, தெர்மோஸ்டாட் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், இருந்தால்தானே பார்ப்பதற்கு! "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்குத் தம்பி, கழற்றிப் போட்டால்தான் வண்டி குளிர்ச்சியாக ஓடும்" என்றார் அண்ணன். தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியைத் தொடும்வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல், என்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் மேட்டில் ஏறும்போது இன்னும் வேகமாகக் கொதிக்கும். இதை நான் பத்து நிமிடம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்ட அண்ணன், "அதெல்லாம் வெளிநாட்டு வண்டிக்கு" என்றார்.

பிரேக் ஆயில் மட்டும் புதிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுவும் கறுப்புதான். அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் இறக்கத்தில் வரும்போது கொதித்தால், பெடல் காலுக்குக் கீழே பஞ்சுபோல் போகும். நான்கு முறை வடித்து மாற்றினோம். ஹவுசிங் ஆயில், கியர் ஆயில் பற்றியெல்லாம் எழுதினால் ரத்தக் கொதிப்பு வரும். டயர்? தரையைப் பிடிக்கும் பட்டன் அழகாக இருந்தது, மை பூசிப் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்குமே, அதில் 1716. 2016-இன் பதினேழாவது வாரத்தில் பிறந்த டயர். மேலே புது ரப்பர் ஒட்டி, ரீட்ரெட் போட்டு இளமையைத் திருப்பியிருக்கிறார்கள். எனக்கும் யாராவது போடுவார்களா என்று கேட்கத் தோன்றியது.

முன் சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கச் சக்கரத்தைத் தூக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்த ஜாக்கியை முதன்முதலில் எடுத்தேன். அடித்தேன். வண்டி எழுந்தது. கையை எடுத்தேன். வண்டி, ஒரு பெருமூச்சோடு, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தது. ஜாக்கியிலும் ஆயில் இல்லை! நல்லவேளை, பையன் ஏற்கனவே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தான்.

ஆகவே ஜாக்கியைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். நாளைக்கே சந்தையில் கொடுக்கிறேன். "ஒரு வேலையும் இல்லை அண்ணே, இப்போதுதான் ஆயில் மாற்றியது" என்று சொல்லியே கொடுக்கிறேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அந்தச் செப்பு வாஷரை வாங்க ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எட்டு ரூபாய். கைப்பேசியில் அனுப்பலாம் என்றால், ஐம்பது ரூபாய்க்குக் கீழே வாங்குவதில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பத்து ரூபாய் கொடுத்தேன். மீதி இரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லையாம், கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவில் கையை விட்டு இரண்டு இருமல் மிட்டாயை எடுத்து வாஷரோடு சேர்த்து வைத்தார்கள். ஸ்பேர்ஸ் கடையில் மிட்டாய் டப்பா எதற்கு? இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்களா? அதையே அடுத்த முறை நான் திருப்பிக் கொடுத்தால் இரண்டு ரூபாயாக எடுத்துக்கொள்வார்களா? கேட்டேன். சிரித்தார்கள். எனக்கு இருமலே இல்லை ஐயா!