மலை கெட்டிதான், ஜல்லி கெட்டியா?

நேற்றிலிருந்து அந்த வீடியோவை இன்பாக்ஸில் ஆள் மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஒரு மழைக்குப் பெயர்ந்த நம்ம ரோட்டில் நின்றுகொண்டு கையில் ஜல்லியை உருட்டியபடி, "இது சார்னோக்கைட்டுங்க, கெட்டியான கருங்கல் வகை, இந்தக் கல்லுல எவனும் குறை சொல்ல முடியாது, லேப் ரிப்போர்ட்டே இருக்கு" என்று ஒருவர் சொன்னாரே, அது. அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே ஒரு வரி. "கல் சரி, அதை எப்படி வெடி வைத்து எடுத்தார்கள்?" அவ்வளவுதான். வந்த பதில்களையும் நீங்கள் பார்த்தீர்கள். வெடி வைத்தால் கல் பலவீனமாகும் என்றால் மலையே சரிந்திருக்க வேண்டுமே என்றார் ஒருவர். "லேப்ல சல்லடை ஆட்டினவரெல்லாம் ஜியாலஜி பேச வந்துட்டாரு" என்றார் இன்னொருவர். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என்னோடு ஒரே சைட்டில் சோறு தின்றவர்களும் இருக்கிறார்கள். பரவாயில்லை.

ஆமாம், ரோட்டு ஜல்லியைச் சோதிக்கிற லேபில் சல்லடைதான் ஆட்டினேன். அதனால்தான் கேட்கிறேன். மலை கெட்டியாக இருந்தால் போதாது, அதை உடைத்த விதமும் கெட்டியாக இருக்க வேண்டும்.

பாறையில் குழி போட்டு வெடிமருந்தை நிரப்பி வெடித்தால் என்ன நடக்கிறது? குழியை ஒட்டிய பாறை நொறுங்கி மாவாகிறது. அதற்கு அடுத்த வட்டத்தில் நாலா பக்கமும் விரிசல் ஓடுகிறது. அதற்கும் அப்பால் போகும் அதிர்வலை, பாறையின் திறந்த முகப்பில் மோதித் திரும்பும்போது இழுவிசையாக மாறுகிறது. பாறை நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நசுக்கலைத் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். அதனால்தான் அது உடைகிறது. ஆனால் உடைந்து விழுந்த துண்டுக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மிச்சம் நிற்கின்றன. அளவாக மருந்து வைத்து, குழிக்குக் குழி சரியான இடைவெளி விட்டு, சில மில்லி செகண்ட் தாமதத்தில் ஒவ்வொன்றாக வெடிக்கவிட்டால் இந்தக் கீறல் குறையும். பெரிய கல்லை உடைக்கிற பிரேக்கர் மெஷினுக்கு டீசல் செலவாகிறது, பெரிய கல் மிஞ்சினால் கிரஷர் வாயில் சிக்குகிறது என்று மருந்தை அள்ளிக் கொட்டினால் கூடும். இதில் என்ன ஜியாலஜி வேண்டிக் கிடக்கிறது?

என்னை நம்ப வேண்டாம், கிரானைட் ஆட்களைக் கேளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் போய், ஏற்றுமதி பிளாக் வெட்டுகிற இடத்தில் ஜல்லிக் குவாரி மாதிரி வெடி வைக்கச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். வைரக் கம்பி கட்டி அறுக்கிறார்கள். ஏன்? அறுப்பது மலிவு என்றா? ஒரு கீறல் ஓடினால் பிளாக் ரிஜெக்ட், பணம் போச்சு. ஆக, வெடி கல்லுக்குள் கீறல் விடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கிரானைட்டுக்குத் தெரிந்தது ரோட்டுக்கு வரும்போது மட்டும் மறந்துபோகிறது.

தாதுச் சுரங்கங்களில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக மருந்து வைத்துக் கல்லைக் கீறிவிட்டால் பிறகு அரைக்கிற மின்சாரம் மிச்சம். அங்கே கடைசியில் மாவாக்கத்தான் போகிறார்கள், சரி. நமக்கு அது லாரிக்கு அடியில் கிடக்க வேண்டிய கல்.

சார்னோக்கைட் என்று பெருமையாகச் சொன்னார்களே, அந்தப் பெயரே கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் கல்லறைக் கல்லிலிருந்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்தது. கல்லறை பதினேழாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது, கல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அமோனியம் நைட்ரேட் வெடிமருந்து கொட்டித் தகர்த்து எடுக்கவில்லை ஐயா.

ஒரு பழைய சைட்டில் கைஜல்லி உடைத்துப் பழகிய ஒரு அம்மா இருந்தார். கிரஷர் வந்த பிறகு லேபுக்கு சாம்பிள் தூக்க வந்தவர். பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது போல, கல்லை எடுத்து இன்னொரு கல்லில் ஒரு தட்டு தட்டுவார். "கணீர்"னு கேட்டால் கூடையில் போடுவார். சத்தம் அமுங்கிக் கேட்டால், "இது மருந்து தின்ன கல்லு தம்பி" என்று தூக்கி எறிவார். நான் அப்போதெல்லாம் சிரிப்பேன். பிறகு அந்தக் குவாரியில் வெடி வைக்கும் ஆள் மாறினார். மலை அதேதான், பெஞ்ச்கூட, அதாவது கல் வெட்டுகிற படிக்கட்டுகூட, அதேதான். 17, 18 என்று வந்துகொண்டிருந்த இம்பாக்ட் மதிப்பு, அதாவது அடித்தால் நூற்றுக்கு எவ்வளவு பொடியாகிறது என்ற கணக்கு, 22, 23க்கு ஏறியது, டஸ்ட்டும் கூடியது. மேலதிகாரிகளிடம் சொன்னேன். "லிமிட் 24 தானே, பாஸ்தானே, எதுக்குக் குதிக்கிறே?" என்றார்கள். பாஸ்தான். அந்தத் தாளில் கையெழுத்து போட்டது நான்தான், அது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 12.5 மில்லி சல்லடையில் விழுந்து 10 மில்லியில் நிற்கும் ஜல்லியை எடுத்து, 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவான சம்மட்டியை 380 மில்லி உயரத்திலிருந்து 15 முறை போட்டு, 2.36 சல்லடையில் எவ்வளவு பொடி விழுகிறது என்று பார்ப்பதுதான் இம்பாக்ட் சோதனை. மேல் தார் அடுக்குக்கு 24 சதவீதத்துக்குள், அதற்கு அடியில் ஜல்லியைத் தண்ணீரோடு கலந்து போடும் வெட் மிக்ஸ் அடுக்குக்கு 30க்குள். நல்ல சோதனைதான். ஆனால் அது அந்தக் கூடையில் இருந்த கல்லைப் பற்றித்தான் பேசும். போன மாதம் எடுத்த சாம்பிள், இந்த மாதம் வைத்த வெடியைப் பற்றி எப்படிப் பேசும்?

இப்போது ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "கீறல் உள்ளதெல்லாம் கிரஷரிலேயே உடைந்துவிடும், மிஞ்சி வருவது நல்ல கல்தான்" என்பார். பாதி உண்மை. ஜா, கோன் என்று வெவ்வேறு வகை கிரஷர்களில் இரண்டு மூன்று கட்டமாக ஒழுங்காக உடைத்தால் நிறைய கழிந்துவிடும், மறுக்கவில்லை. ஒரே ஜா கிரஷரை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முக்கால் ஜல்லி இறக்குகிற இடங்களைப் பற்றி அவர் பேசமாட்டார். மேல்மட்டத்தில் மக்கிய பாறையையும் சேர்த்து ஓட்டுவதுதான் பெரிய பிரச்சினை என்பார் இன்னொருவர். இருக்கட்டும், அதற்கும் தனியாகத் திட்டலாம். தார் கம்மி, வடிகால் இல்லை, ஓவர்லோடு, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அத்தனைக்கும் நடுவில் கல்லை மட்டும் கேள்வியே கேட்கக் கூடாது என்றால் எப்படி?

கீறல் உள்ள ஜல்லி ரோலருக்கு அடியிலேயே உடைகிறது. உடைந்த முகத்தில் தார் இருக்காது. அங்கே தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், மீதியை லாரிச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். அடியில் வெட் மிக்ஸில் உடைந்தால் பொடி கூடி, தண்ணீர் வடியாமல் நிற்கும். பிறகு "மழை ஜாஸ்திங்க" என்று மைக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

மருந்து அதிகமானால் கல்லோடு நிற்கிறதா? குவாரியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் சுவர் விரிசலைக் காட்டினால், "பேஸ்மட்டம் சரியில்லை" என்பார்கள். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் செத்தார்களே, அதற்குப் பிறகு எத்தனை நாள் இதைப் பற்றிப் பேசினோம்? அடியில் நின்று லோடு ஏற்றுகிறவனுக்கு அந்த மலை எவ்வளவு கெட்டி என்று யாராவது சர்டிபிகேட் கொடுத்தார்களா? இதையெல்லாம் எழுதினால் தொழிலுக்கு எதிரி, வளர்ச்சிக்கு எதிரி. நான் ரோடே வேண்டாம் என்றா சொன்னேன்? ரோடு போட்டுத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

வீட்டுக்கு எவ்வளவு அதிர்வு போகலாம் என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997லேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில், குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத மற்றவர்களுடைய வீடுகளுக்கு, வினாடிக்கு 5 மில்லிமீட்டர். கல்லுக்கோ, நான் எழுதிய ஜல்லி ரிப்போர்ட்களில் குவாரி பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. எந்த பெஞ்ச், என்றைக்கு வைத்த வெடி, குழிக்கு எவ்வளவு மருந்து என்பதற்குக் கட்டமே இல்லை. வீடியோவில் ஆட்டிக் காட்டிய அந்த ரிப்போர்ட்டை முழுசாகப் போடுங்கள், சாம்பிள் எடுத்த தேதி தெரிகிற மாதிரி. அதுவரைக்கும் சிரிப்பு பொம்மை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருங்கள், கமெண்டை மூடப் போவதில்லை.