1980 இறுதிப் போட்டி கோல் யாருடையது?

இங்கிலாந்துக் கால்பந்து அணி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்ற 1979, 1980 இரண்டு இறுதிப் போட்டிகளிலும் கோல் அடித்தவர் ட்ரெவர் ஃபிரான்சிஸ்தான், ஜான் ராபர்ட்சன் பந்தை எடுத்துக் கொடுத்ததோடு சரி என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பாதி சரி. 1979இல் மியூனிக்கில், ஸ்வீடனின் மால்மோ அணிக்கு எதிராக நடந்தது அதுதான்: இடது ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டி ராபர்ட்சன் தூக்கிப் போட்ட பந்தை, தூரத்துக் கோல் கம்பத்தருகே ஃபிரான்சிஸ் தலையால் முட்டினார். 1–0.

1980 கதை வேறு. மாட்ரிட்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியைத் தோற்கடித்த ஒரே கோல் ராபர்ட்சனுடையது. சக வீரர் கேரி பெர்ட்டில்ஸோடு பந்தை மாற்றி வாங்கி, உள்ளே வந்து வலது காலால் அடித்தார். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஃபிரான்சிஸ் குதிகால் தசைநார்க் காயத்தால் அன்று ஆடவே இல்லை.

சந்தேகம் இருந்தால் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் இணையதளத்தில் 1980 இறுதிப் போட்டியின் அணிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஃபிரான்சிஸ் பெயரே இருக்காது. அந்த கோலின் காணொளியும் யூடியூபில் கிடைக்கிறது. இரண்டு ஆட்டமும் 1–0 என்பதால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட்சனின் கணக்கில் ஒரு கோல் குறையக் கூடாது.