முதல் தனிநபர் பதக்கம் ஜாதவுடையது

'சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை 1996இல் லியாண்டர் பயஸ் வென்றார்' என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

டென்னிஸ் வீரர் பயஸின் அட்லாண்டா வெண்கலத்துக்கு 44 ஆண்டுகள் முன்பே, 1952இல் ஹெல்சின்கியில், மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் பேண்டம்வெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவில் வெண்கலம் வென்றுவிட்டார். மகாராஷ்டிராவின் கோலேஷ்வர் கிராமத்துக்காரர். 1948 லண்டனில் ஆறாமிடம் பெற்றவர். ஹெல்சின்கி போகப் பணமில்லை. கல்லூரி முதல்வர் தன் வீட்டையே அடகு வைத்து உதவினார். பின்னாளில் ஜாதவ் காவல்துறையில் பணியாற்றினார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருதுகூட மறைவுக்குப் பிறகே வந்தது. அதனால்தான் இந்தத் தவறு எனக்கு வலிக்கிறது.

ஒலிம்பிக் அமைப்பின் இணையதளத்தில் ஹெல்சின்கி 1952 முடிவுகளைப் பாருங்கள், அவர் பெயர் இருக்கிறது. அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.