பார்படாஸை விட்டுவிட்டீர்களே!

கால்பந்தின் விசித்திர சம்பவங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், உலகக் கோப்பையில் மரடோனா கையால் போட்ட கோல் (1986), ஜிடான் எதிரணிக்காரரைத் தலையால் முட்டியது (2006) எல்லாம் வந்துவிட்டன, சரி. 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் நடந்த பார்படாஸ் - கிரெனடா என்ற இரு கரீபியன் தீவு நாடுகளின் ஆட்டத்தை எப்படி விட்டீர்கள்? எங்கள் காரைக்குடி டீக்கடையில் இதைச் சொன்னால் "கதை விடாதீங்கண்ணே" என்கிறார்கள்.

பார்படாஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. 2-0 என்று இருந்தபோது 83வது நிமிடத்தில் கிரெனடா ஒன்று போட்டுவிட்டது. அந்தப் போட்டியில் ஒரு கோணல் விதி: சமன் ஆனால் கூடுதல் நேரம்; அதில் முதலில் விழுந்து ஆட்டத்தையே முடித்துவிடும் கோல்டன் கோலுக்கு இரண்டு கோல் கணக்கு. அந்தக் கூடுதல் நேரத்துக்குப் போவதற்காகவே பார்படாஸ்காரர்கள் வேண்டுமென்றே பந்தைத் தங்கள் வலைக்குள்ளேயே தள்ளினார்கள். 2-2! இப்போது கிரெனடாவுக்கு 3-2 என ஜெயித்தாலும் லாபம், 2-3 எனத் தோற்றாலும் லாபம். ஆகவே மிச்ச நிமிடங்களில் பார்படாஸ் இரண்டு பக்க கோலையும் காவல் காத்தது. கடைசியில் கோல்டன் கோல் அடித்து 4-2.

ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதி எழுதிய மகராசனைத்தான் சொல்வேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஆடும் பொடியன்கள்கூட ரூல்ஸைத் தெளிவாகப் பேசிவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.

அடுத்த பாகம் எழுதினால், 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடிய நம் அணியையும், அதில் சாரங்கபாணி ராமன் போட்ட கோலையும் சேருங்கள்.